கொல்லையா, மொட்டை மாடியா, ஒரே மரத்தில் நாலு ஒட்டா? டெல்டா ஊர்களில் பழம் வளர்க்க எது சரிப்படும்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஊருக்குள் வீடு வைத்திருப்பவர்களிடம் பழமரம் பற்றிப் பேச்செடுத்தால் "இடம் எங்கே இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இடம் இருக்கிறது. பழைய தெரு வீடுகளில் முகப்பு 20 அடிதான் இருக்கும், ஆனால் ரேழி, கூடம், இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்னால் போனால் கிணற்றடியும் கொல்லையும் நீளமாகக் கிடக்கும். 20க்கு 45 அடி என்று வைத்துக்கொண்டால் 900 சதுர அடி. நம் பக்கத்துக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, ஆக ஆறு குழிக்குச் சற்று மேலே, இரண்டு சென்ட்டுக்கும் சற்று மேலே. புது நகர்களில் மனை வாங்கிக் கட்டியவர்களுக்கு இவ்வளவு கிடைக்காது. வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று குழி மிஞ்சினால் அதிகம், அதையும் பலர் சிமெண்ட் கல் பதித்து மூடிவிடுகிறார்கள்.

ஆறு குழிக் கொல்லையில் ஒரே ஒரு நாட்டு மாமரத்தை அதன் போக்கில் விட்டால் பத்துப் பதினைந்து வருடத்தில் கொல்லை முழுவதும் அதன் நிழலுக்குள் போய்விடும். பழம் உச்சியில் காய்க்கும், பாதி அணிலுக்கும் வௌவாலுக்கும் போகும், மீதி இரண்டு மாதத்தில் ஒரேயடியாகக் கொட்டும், மற்ற பத்து மாதம் ஒன்றும் கிடையாது. அதே இடத்தில் பத்து வகைப் பழத்தை வைத்து, வருடம் முழுக்க ஏதாவது ஒன்று கைக்கு வருகிற மாதிரி செய்ய முடியும். அதற்கு மூன்று வழிகள் பேசப்படுகின்றன. தரையில் நெருக்கி நட்டு வெட்டி வெட்டிக் குட்டையாக வைப்பது ஒன்று, மொட்டை மாடியில் டிரம்மிலும் பையிலும் வைப்பது ஒன்று, ஒரே மரத்தில் பல ரகங்களை ஒட்டுக் கட்டுவது இன்னொன்று.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று குழி மண் இருந்தாலே போதும், தரைதான் முதலில். மாடி, மண்ணே இல்லாதவர்களுக்கும் சில குறிப்பிட்ட பழங்களுக்கும். பல ஒட்டு மரம், ஏற்கெனவே கொல்லையில் நல்ல வேரோடு ஒரு மாமரம் நிற்கிறவர்களுக்கு.

ஏன் இப்படி என்றால் தண்ணீர்தான் காரணம். கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ எழுதிய ஆலோசனை இங்கே பாதிக்கு மேல் பொருந்தாது. நமக்கு வருட மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், அப்போது வண்டல் களிமண் நாலைந்து நாள் தண்ணீரை விடாது. அதே மண் சித்திரை, வைகாசியில் கையை நுழைக்கிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 வரைக்கும் ஆற்றிலும் ஒன்றும் இருக்காது, கிணறும் இறங்கிப் போயிருக்கும். ஆகவே எந்த வழியானாலும், எந்தப் பழமானாலும் நான் இரண்டே கேள்விதான் கேட்பேன்: கார்த்திகையில் வேர் அழுகாமல் நிற்குமா? சித்திரையில் நாலு நாள் நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் உயிரோடு இருக்குமா?

தரையில் நெருக்கி நடுவது

எல்லாக் கையேடுகளும் மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, எருவும் மணலும் கலந்து நிரப்பி நடச் சொல்லும். செம்மண்ணுக்கு அது சரி. நம் களியில் அப்படி வெட்டிய குழி மழைக்காலத்தில் வாளி மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுற்றியிருக்கிற களி உறிஞ்சாது, உள்ளே இருக்கிற இளகிய மண்ணில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அதனால் இங்கே குழிக்குப் பதில் மேடு. தரையை ஒரு கொத்து கொத்திவிட்டு, அதன் மேல் ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு, நாலைந்து அடி அகலத்துக்கு மண்ணும் மக்கிய குப்பையும் கலந்து மேடு கட்டி, அதன் உச்சியில் கன்றை வைக்க வேண்டும். கோடையில் வேர் தானாகக் கீழே இருக்கிற களிக்குள் இறங்கும், களி ஈரத்தை லேசில் விடாது என்பதால் அதுவே சேமிப்பு. மழையில் மேல் வேர்கள் மேட்டில் மூச்சு விடும். இரண்டு கேள்விக்கும் ஒரே ஏற்பாட்டில் பதில் கிடைப்பது இந்த ஒரு வழியில்தான்.

இடைவெளி விஷயத்தில் தோப்புக் கணக்கை மறந்துவிடலாம். மாமரத்துக்கு 30 அடி என்பது மரத்தை வெட்டாமல் விடுகிறவர்களுக்கு. லக்னோவில் உள்ள மத்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொய்யாவை 2 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஹெக்டேருக்கு 5,000 மரம் வைத்துக் காட்டியிருக்கிறது, ஆம்ரபாலி என்ற குட்டை மா ரகத்தை இரண்டரை மீட்டர் இடைவெளியில் வைக்கிறார்கள். வீட்டுக் கொல்லைக்கு ஏழிலிருந்து எட்டு அடி போதும். நான் சொன்ன 20க்கு 45 அடியில் இரண்டு வரிசையாகப் பத்து மரம் தாராளமாக நிற்கும், நடுவில் நடக்கப் பாதையும் இருக்கும். உயரமாகப் போகிறவற்றை வடக்குப் பக்கம் வையுங்கள், ஏனென்றால் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், தெற்கில் உயரமானது நின்றால் அந்த மூன்று மாதமும் மற்றவை நிழலில் கிடக்கும்.

வெட்டுவதுதான் இந்த முறையின் உயிர், அதைச் செய்ய மனம் வராதவர்கள் நெருக்கி நடவே கூடாது. நட்டு வேர் பிடித்ததும் இரண்டு இரண்டரை அடியில் தலையைக் கிள்ளிவிட வேண்டும், ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுக்கு மேலே தளிர் இருக்கிற இடத்தில்தான் வெட்டு, கீழே வெட்டினால் ஒட்டே போய்விடும். மூன்று நாலு கிளை பிரிந்ததும் அவை இரண்டடி வளரும்போது பாதியாக வெட்டுவது, அதிலிருந்து பிரிவதையும் அப்படியே. மூன்றாவது வருடத்தில் உங்கள் கை எட்டுகிற உயரம், அதாவது ஆறேழு அடி, அதற்கு மேல் எதுவும் போகக் கூடாது. கலிபோர்னியாவில் வீட்டுத் தோட்டக்காரர்கள் பீச், பிளம் மரங்களை இதே மாதிரிக் குட்டையாக வைக்கிறார்கள், ஆனால் அங்கே குளிரில் மரம் இலை உதிர்த்துத் தூங்கும், ஒரு குளிர்கால வெட்டும் ஒரு கோடை வெட்டுமே போதுமாக இருக்கும். நம் மரங்கள் பெரும்பாலும் தூங்குவதே இல்லை. கொய்யாவும் ஜம்பு நாவலும் மழை முடிந்ததும் ஒரு பாய்ச்சல் பாயும், ஆடியில் இன்னொன்று. ஆகவே வருடத்துக்கு இரண்டு தடவையாவது, சிலவற்றுக்கு மூன்று தடவை, கத்தரியோடு இறங்க வேண்டும்.

ஆனால் எல்லா மரத்தையும் எப்போது வேண்டுமானாலும் வெட்ட முடியாது. கொய்யா புதுத் தளிரில் பூக்கும், வெட்டினால் இன்னும் அதிகமாகப் பூக்கும், தையில் வெட்டினால் ஆடி ஆவணியில் காய், வைகாசியில் வெட்டினால் கார்த்திகை மார்கழியில் காய் என்று ஏறக்குறைய நீங்களே மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மா அப்படி இல்லை, முற்றிய கிளை நுனியில்தான் பூக்கும், ஆகவே பழம் பறித்து முடித்த கையோடு ஆனி ஆடிக்குள் வெட்டிவிட வேண்டும், புரட்டாசிக்கு மேல் கத்தரி வைத்தால் அந்த வருடப் பூ போய்விடும். சப்போட்டா இன்னும் மெதுவானது. அதை வெட்டுவதைவிட உள்ளே நெருங்கிய கிளைகளைக் களைந்துவிட்டால் போதும்.

குட்டையாக இருப்பதில் இன்னொரு லாபம், அது காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி வரைக்கும் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நாற்பது அடி மரம் வீட்டின் மேலும் விழும், மின்கம்பியின் மேலும் விழும். ஏழடி மரத்தில் காற்று பிடிக்கவே இடம் குறைவு, கிளை முறிந்தாலும் மரம் தப்பும், அப்படியே ஒன்று போனாலும் மீதி ஒன்பது இருக்கும்.

செப்டிக் டேங்கிலிருந்தும் அஸ்திவாரத்திலிருந்தும் ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள், அவ்வளவுதான்.

மொட்டை மாடி

மாடித் தோட்டம் என்றால் காய்கறி, கீரைக்கு நான் முழு ஆதரவு. அரசு தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கிற மாடித்தோட்டப் பைகளும் அதற்கானவைதான். பழமரம் வேறு விஷயம், அது பத்து வருடம் ஒரே தொட்டியில் நிற்க வேண்டியது.

முதலில் எடை. 200 லிட்டர் நீல டிரம்மை இரண்டாக அறுத்தால் ஒரு பாதியில் 100 லிட்டர் கலவை பிடிக்கும். நம் களிமண்ணையே நிரப்பி நீர் ஊற்றினால் 150 கிலோவுக்கு மேல் போகும், தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் பாதிக்குமேல் கலந்தால் 100 கிலோ பக்கம் வரும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டட விதி கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. டிரம்மின் அடிப்பகுதி மூன்று சதுர அடிகூட இருக்காது என்பதை யோசித்துப் பாருங்கள். அதனால் டிரம்களை மாடியின் நடுவில் வரிசையாக அடுக்காமல், கீழே சுவரும் பீமும் போகிற கோட்டின் மேல், ஓரங்களில் வைப்பதுதான் சரி. பழைய தெரு வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் இருந்தால் அதன் மேல் பழமர டிரம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது நம் சித்திரைக் கேள்வி. வெயில் நாளில் ஒரு பாதி டிரம் எட்டிலிருந்து பத்து லிட்டர் குடிக்கும், இருபது டிரம் என்றால் 200 லிட்டர், அதுவும் தினமும். டிரம்மின் பக்கச் சுவர் சூடாகி ஓர வேர்கள் வெந்துபோகும், தளம் கீழிருந்து சுடும். சொட்டுநீர்க் குழாயும் டைமரும் போட்டால் சமாளிக்கலாம், ஆனால் மின்சாரம் இல்லாமல் ஒரு பகல் போய், நீங்களும் ஊரில் இல்லாமல் இருந்தால் இரண்டே நாளில் இலை சுருண்டுவிடும். தரையில் மூன்று வருட மரம் பதினைந்து நாள்கூடத் தாங்கும். மாறாக, கார்த்திகைக் கேள்வியில் மாடி ஜெயிக்கிறது. டிரம்மின் அடியில் ஓட்டை சரியாக இருந்து, செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. தெருவே முழங்கால் தண்ணீரில் இருக்கும்போதும் மாடியில் எலுமிச்சை வாடாமல் நிற்கும்.

இதிலிருந்தே எந்தப் பழம் மாடிக்கு என்பது தெரிந்துவிடும்: ஈரக்கால் பிடிக்காதவை, வெயிலுக்கு அஞ்சாதவை, வேர் சிறியவை. டிராகன் பழம் அதில் முதலிடம். அது கள்ளிச் சாதி, நம் களியில் மழைக்காலத்தில் தண்டு அழுகும், மாடியில் ஒரு டிரம்முக்குள் கம்பம் நட்டு மேலே பழைய டயரைக் கட்டி ஏற்றிவிட்டால் பல வருடம் காய்க்கும். பூ ஒரே ஒரு இரவுதான் விரியும், சில ரகங்களுக்கு அன்று ராத்திரி தூரிகையால் மகரந்தம் தொட்டுவிட வேண்டியிருக்கும், பூத்து ஒரு மாதத்தில் பழம். அத்தி இரண்டாவது. தரையில் மழைக்காலத்தில் இலைத்துரு நோய் வந்து மொத்த இலையும் கொட்டும், பழம் வெடிக்கும். டிரம்மில் இருந்தால் தாழ்வாரம் பக்கம் இழுத்து வைக்கலாம். எலுமிச்சையும் மேற்கிந்தியச் செர்ரியும் மாடியில் நன்றாகவே வரும். செர்ரி சிறு செடி, வைட்டமின் சி அவ்வளவு செறிவாக இருக்கிற பழம் வேறு சிலதான், குழந்தைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்பார்கள்.

மாடியில் மா, சப்போட்டா, பலா, சீதா வைத்துப் படம் காட்டுகிறார்களே என்றால், காய்க்கும், பத்து இருபது காய் காய்க்கும். அதே கன்று தரையில் இருந்தால் அதே வயதில் அதைவிடப் பல மடங்கு கொடுக்கும், தண்ணீர்ச் செலவும் கால்வாசி. மண் இருக்கிற வீட்டில் மண்ணைச் சிமெண்டால் மூடிவிட்டு மாடியில் டிரம் வாங்கி அடுக்குவதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. காவிரி ஆயிரக்கணக்கான வருடமாகக் கொண்டுவந்து போட்ட வண்டல் காலடியில் இருக்கிறது, அதைப் பூட்டிவிட்டுப் பையில் மண் வாங்குகிறோம்.

ஒரே மரத்தில் பல ஒட்டு

இதற்குப் பெரிய உதாரணம் உத்தரப் பிரதேசம் மலிஹாபாத்தைச் சேர்ந்த கலீமுல்லா கான். ஒரே மாமரத்தில் 300க்கு மேற்பட்ட ரகங்களை ஒட்டுக் கட்டியவர், 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த மரம் நூறு வயதைத் தாண்டிய பெரிய மரம் என்பதையும், அவர் வாழ்க்கையே அதுதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒட்டில் முக்கிய விதி, ஒரே குடும்பத்துக்குள்தான் பிடிக்கும். மாவில் மா, எலுமிச்சையில் நார்த்தையும் சாத்துக்குடியும். மாவில் கொய்யா பிடிக்காது, யாராவது அப்படி ஒரு கன்றைக் காட்டி விற்றால் வாங்காதீர்கள். ஆக "பல வகைப் பழம்" என்ற நம் தேவைக்கு இது முழுப் பதில் ஆகாது, ஒரே பழத்தில் பல ரகம் என்பதற்கு மட்டுமே பதில்.

அந்த வரம்புக்குள் இது அருமையான வழி. உங்கள் கொல்லையில் இருபது வருட நாட்டு மரம் புளிப்பாக ஒன்று காய்த்துக்கொண்டு நின்றால் அதை வெட்டி எறிய வேண்டியதில்லை. பெரிய கிளைகளை இரண்டு மூன்று தவணையாகக் குறைத்து, வரும் புதுத் தளிர்களில் மென்தண்டு ஒட்டுக் கட்டினால், அந்த ஆழமான வேரின் மேல் மூன்றாவது வருடத்தில் நல்ல ரகம் காய்க்கும். வேர் ஏற்கெனவே கீழே போய்விட்டதால் சித்திரைக் கேள்விக்குப் பயமே இல்லை. ஒரு பக்கம் செந்தூரம், ஒரு பக்கம் பங்கனபள்ளி, ஒரு பக்கம் நீலம் என்று கட்டினால் சித்திரையில் தொடங்கி ஆனி ஆடி வரைக்கும் பழம் நீளும்.

கஷ்டம் எங்கே என்றால் வேகத்தில். கிளிமூக்கும் இமாம் பசந்தும் ஓடி வளரும், நீலம் அடக்கமாக வளரும். வேகமானதை வருடா வருடம் குறைத்து, மெதுவானதுக்கு வெளிச்சமான தெற்குப் பக்கத்தைக் கொடுக்காவிட்டால் நாலைந்து வருடத்தில் ஓடுகிற ரகம் மட்டுமே மிஞ்சும், மற்றவை நிழலில் சுருங்கிக் காய்ந்துவிடும். கீழிருந்து நாட்டுத் தளிர் வந்தால் உடனே கிள்ள வேண்டும். அப்புறம் அந்தக் காற்று விஷயம்: பெரிய மரத்தின் கிளையில் கட்டிய ஒட்டு முதல் சில வருடம் பலவீனமான மூட்டு, ஐப்பசிப் புயலில் முதலில் முறிவது அதுதான். தண்டு சாய்ந்தால் எல்லா ரகமும் ஒரே ராத்திரியில் போகும்.

நாற்றங்காலில் "நாலு ரகம் ஒட்டிய கன்று" என்று விற்பதைவிட, மூன்று ஒட்டுக்கன்றுகளை ஒரே மேட்டில் ஒன்றரை அடி இடைவெளியில், வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து நடுவது எனக்கு அதிகம் பிடிக்கும். பார்வைக்கு ஒரே மரம், ஆனால் மூன்று தனி வேர், ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் இருக்கும், விலையும் குறைவு. வேகம் ஒத்த ரகங்களாக இருக்க வேண்டும், அது மட்டும் நிபந்தனை. நீலமும் ஆம்ரபாலியும் நல்ல ஜோடி. ஆம்ரபாலி, தசேரியையும் நீலத்தையும் கலந்து டெல்லியில் உருவாக்கிய குட்டை ரகம், வருடம் தவறாமல் காய்க்கும், கொத்துக் கொத்தாக வரும். மாவோடு கொய்யாவை ஒரே மேட்டில் வைக்காதீர்கள், இரண்டுக்கும் வெட்டும் மாதமும் தண்ணீர்த் தேவையும் வேறு.

இமாம் பசந்த் வேண்டும் என்பவர்களுக்கு, திருச்சி பக்கத்துப் பழம் அது, சுவைக்கு ஈடு கிடையாது, ஆனால் கஞ்சத்தனமாகக் காய்க்கும், பெரிய மரமாகப் போகப் பார்க்கும். ஆறு குழியில் அதற்கு இடம் கொடுக்க நான் தயங்குவேன். பழைய மரத்தில் ஒரு கிளையில் ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம், அதற்குத்தான் பல ஒட்டு முறையே பொருத்தம்.

பழத்துக்குப் பழம்

கொய்யாவா மாதுளையா என்றால் யோசிக்கவே வேண்டாம், கொய்யா. நாலு நாள் தண்ணீர் நின்றாலும் தாங்கும், வெயிலும் தாங்கும், எவ்வளவு வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. லக்னோ 49 ஒன்றும் சிவப்புச் சதை உள்ள அர்கா கிரண் ஒன்றும் வைத்து, ஒன்றைத் தையிலும் இன்னொன்றை வைகாசியிலும் வெட்டினால் வருடத்தில் பாதிக்கு மேல் வீட்டில் கொய்யா இருக்கும். அதன் ஒரே தொந்தரவு பழ ஈ. காய் எலுமிச்சை அளவு வந்ததும் ஒவ்வொன்றையும் பழைய துணியிலோ காகிதப் பையிலோ கட்டிவிட்டால் ஈயும் அண்டாது, கிளியும் கொத்தாது. மரம் கை எட்டுகிற உயரத்தில் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பதையும் கவனியுங்கள். மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறியும் உதவும், துளசியிலேயே அந்தச் சத்து இருப்பதால் துளசியை நசுக்கி வைத்தாலும் ஆண் ஈக்கள் வந்து மொய்க்கும். மாதுளை வறண்ட ஊர்ப் பழம். நம் ஈரக்காற்றில் புள்ளி நோய் வரும், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கிடைத்தால் பழம் வெடிக்கும், துளைப்பான் புழு வேறு. அழகுக்கு ஒரு செடி வையுங்கள், பழத்தை நம்பி வைக்க வேண்டாம்.

வாழையும் பப்பாளியும் வேகமான ஜோடி, இரண்டுமே ஒரு வருடத்தில் பழம் தரும், அதனால் மற்ற மரங்கள் வளரும் வரைக்கும் இடையில் வைக்க ஏற்றவை. குளியலறை, துணி துவைக்கிற தண்ணீர் வெளியேறுகிற மூலை எதுவோ அதுதான் வாழைக்கு இடம், நம் பெரியவர்கள் அதைத்தான் செய்தார்கள், வேறு எந்த மரத்துக்கும் அந்த மூலை ஒத்துவராது. ஒரு தாய், ஒரு பெரிய கன்று, ஒரு சின்னக் கன்று, அதற்கு மேல் முளைப்பதை வெட்டிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் தார் சிறுத்துப்போகும். ரகத்தில் பூவன்தான் டெல்டாவின் பிள்ளை, பழமும் கிடைக்கும் இலையும் கிடைக்கும். ரஸ்தாளி சுவைக்காக ஆசைப்படத்தான் தோன்றும், ஆனால் பனாமா வாடல் நோய் அதை எளிதில் பிடித்துக்கொள்ளும், ஒருமுறை மண்ணில் வந்துவிட்டால் பல வருடம் போகாது. கற்பூரவல்லி கோடையை நன்றாகத் தாங்கும், ஆனால் உயரம் அதிகம், முட்டுக் கொடுக்காவிட்டால் மழைக்காற்றில் தாரோடு சாயும், தாருக்கும் பூவனைவிடக் கூடுதல் மாதம் காத்திருக்க வேண்டும். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கன்று பற்றிச் சந்தேகம் என்றால் கேட்கிற தூரத்தில்தான் எல்லோரும் இருக்கிறோம்.

பப்பாளி அதற்கு நேர் எதிர். ஒரு நாள் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் தண்டு அடியிலேயே அழுகிவிடும், ஆகவே மேடு கொஞ்சம் கூடுதல் உயரமாக வேண்டும். தை, மாசியில் நட்டால் அடுத்த மழை வருவதற்குள் மரம் திடமாகிக் காய் பிடித்திருக்கும். ரெட் லேடி போன்ற இருபால் ரகம் வாங்குங்கள், ஆண் மரம் வந்து இடத்தை வீணாக்காது. முன்பு பப்பாளியில் வெள்ளையாக அப்பிய மாவுப்பூச்சி நினைவிருக்கலாம், 2008 வாக்கில் தமிழ்நாட்டுக்குள் வந்தது, 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. இப்போது தெரிகிற ஓரிரண்டு மாவுப்பூச்சிக்காகக் கடும் மருந்து அடித்தால் அந்தக் குளவியும் சாகும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுங்கள், மிஞ்சினால் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும். வளையப்புள்ளி வைரஸ் வந்த மரத்துக்கு மட்டும் வைத்தியம் இல்லை, அதைப் பிடுங்கி எரித்துவிட வேண்டியதுதான்.

எலுமிச்சையா நார்த்தையா? தரையில் வைப்பதென்றால் நார்த்தை. எலுமிச்சைக்கு ஈரக்கால் ஆகாது, களியில் தண்டிலிருந்து பிசின் ஒழுகிச் செத்துப்போகிற எலுமிச்சை எல்லாத் தெருவிலும் உண்டு. பெரியகுளம் ரகமான பிகேஎம் 1 எலுமிச்சைக் கன்றை மாடி டிரம்மில் வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. இலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழு எலுமிச்சைப் பட்டாம்பூச்சியினுடையது, கையால் பொறுக்கினாலே போதும், செடி பெரிதாக இருந்தால் இரண்டு புழுவை விட்டுவைத்தாலும் ஒன்றும் ஆகாது. நார்த்தை முரட்டு மரம், காய் ஊறுகாய்க்கு, இலை பொடிக்கு.

சீதாவைப் பற்றி ஒரு வார்த்தை. காய் பிடிக்கவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள், மரத்தில் குறை இல்லை. அதன் பூ முதலில் பெண்ணாக இருந்து பிறகுதான் ஆணாகிறது, நடுவில் உதவ வண்டுகள் ஊருக்குள் குறைவு. நன்றாக விரிந்த பூவின் மகரந்தத்தைச் சிறு தூரிகையில் எடுத்து, பாதி விரிந்த பூவுக்குள் தடவினால் அப்படியே பிடிக்கும், பழமும் கோணாமல் உருண்டையாக வரும். மாசி பங்குனியில் இலை உதிர்க்கும், அப்போது வெட்டலாம். விதையைக் குழந்தைகள் நசுக்கிக் கண்ணில் படும்படி விட வேண்டாம், எரிச்சல் கடுமையாக இருக்கும்.

பலாவுக்குப் பதில் அரைநெல்லி வையுங்கள். பலா சின்னக் கொல்லைக்குப் பெரிது, பண்ருட்டிப் பழமும் ஆலங்குடிப் பழமும் சீசனில் வண்டி வண்டியாக ஊருக்குள் வருகின்றன. அரைநெல்லி எங்கேயும் விலைக்குச் சரியாகக் கிடைக்காது, வீட்டில் இருந்தால்தான் உண்டு.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் ஒரு மாற்றம் உண்டு, அங்கே நிலத்தடி நீர் உப்பு. எலுமிச்சையும் மாவும் உப்புக்கு இலை நுனி கருகும். சப்போட்டா அதை நன்றாகவே தாங்கும், பாலை மர வேரில் ஒட்டிய பிகேஎம் 1 சப்போட்டாக் கன்று (எலுமிச்சையிலும் இதே பெயர் உண்டு) குட்டையாகவும் நிற்கும், ஆகவே அங்கே முதல் மரம் சப்போட்டா, அடுத்து கொய்யா, மூன்றாவது பெருநெல்லி. உப்பு நீரைச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வேரடியில் உப்பு படியும், அதைவிடப் பல நாளுக்கு ஒருமுறை மேடு முழுக்க நனைய ஊற்றுவது நல்லது. கார்த்திகை மழை அந்த உப்பைக் கழுவி இறக்கிவிடும், மேடு கட்டியிருந்தால் இன்னும் சுத்தமாக இறங்கும், அதனால் கடலோரத்தில் கன்று வைக்க மழை முடிகிற மார்கழி கடைசிதான் சரியான நேரம்.